ஓரெஸ்டின் மூன்று பிள்ளைகள்

ஓரெஸ்ட் போய்ச்சுக்குக்குப் பிள்ளைகள் கிடையாது. மனைவி கிடையாது. ஒரு பூனை இருந்தது. அதுவும் பக்கத்து வீட்டில் ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கிறார்கள் என்று கண்டுபிடித்து அங்கேயே குடியேறிவிட்டது. ஆனால் இல்லாத பிள்ளைகளை இல்லையென்று நிரூபிப்பது, இருக்கிற பிள்ளைகளை வளர்ப்பதைவிடப் பெரும் பாடு என்பதை முப்பத்தொரு வயதில் அவன் கற்றுக்கொண்டான். சமூகப் பணிப் படிப்பில் அதற்கென்று தனிப் பாடம் கிடையாது.

எல்லாம் நேர்காணல் பயிற்சி வகுப்பில் ஆரம்பித்தது.

கார்வெல் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்துக்காரர்கள் இரண்டிரண்டு பேராக நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஒருவர் சமூகப் பணியாளர், மற்றவர் உதவி கேட்டு வந்தவர். உதவி கேட்டு வந்தவர் ஒரு கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். யாரும் தன் சொந்தக் கஷ்டத்தைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் ஒரே கஷ்டம்தான்: அறைத்தோழி பாத்திரம் கழுவுவதில்லை.

"இன்னொருத்தர் பாத்திரத்தைக் கொண்டுவந்தீங்கன்னா, நான் வேலையை விட்டுட்டுப் பாத்திரக்கடை வெச்சிடுவேன்" என்றார் பேராசிரியர் ஹால்வர்சன். சிறைச்சாலையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். எச்சில் தட்டுகளின் துயரம் அவரை அசைக்கவில்லை.

பயிற்சிக்கு இரண்டு விதிகள். மணி அடிக்கும்வரை வேஷத்தை விட்டு வெளியே வரக்கூடாது. மணி அடித்ததும் எழுந்து நின்று, கையையும் காலையும் உதறி, தன் பெயரையும் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதையும் எதிரில் இருப்பவரிடம் உரக்கச் சொல்ல வேண்டும். அதற்கு வேஷம் கலைத்தல் என்று பெயர். ஓரெஸ்ட் அதை ஒருநாளும் செய்ததில்லை. தானியக் கிடங்கில் பத்து வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன், வகுப்பு முழுக்கப் பார்க்கக் காலை உதறிக்கொண்டு, "நான் ஓரெஸ்ட், டோஸ்ட் சாப்பிட்டேன்" என்று சொல்வதா? மணி அடித்ததும் அவன் காப்பி வாங்கப் போய்விடுவான்.

அந்த வாரம் அவனுக்கு நல்ல மதிப்பெண் தேவைப்பட்டது. அடுத்த வியாழக்கிழமை பிள்ளைகள் நல அலுவலகத்தில் களப்பயிற்சிக்கான நேர்காணல். ஊரில் அந்த ஒரு இடத்தில்தான் பயிற்சிக்குப் போனவர்களை அப்படியே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். மற்ற இடமெல்லாம் முதியோர் இல்லத்தில் பிங்கோ ஆட்டத்துக்கு எண்களைக் கூவிக்கொண்டிருக்கிற பயிற்சிதான். தானியத் தூசு ஏறிய நுரையீரலோடு பழைய வேலைக்குத் திரும்பவும் முடியாது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்த ஒரு கதவுதான் அவனுக்கு இருந்தது.

ஆகவே அவன் பாத்திரத்தை விட்டுவிட்டு, மூன்று பிள்ளைகளைக் கொண்டுவந்தான்.

எதிரில் சமூகப் பணியாளராக உட்கார்ந்திருந்தவள் கார்லீன் ஃப்ரீசன். இருபத்திரண்டு வயது. பாடப்புத்தகத்தில் நான்கு நிறத்தில் கோடு போடுகிறவள். எந்தக் கோட்டையும் காரணமில்லாமல் போடமாட்டாள்.

"இன்னிக்கு உங்களை இங்க கூட்டிட்டு வந்தது என்ன?" என்று பாடத்தில் உள்ளபடி கேட்டாள்.

"நைட் ஷிஃப்ட்" என்றான் ஓரெஸ்ட். "இறைச்சி ஆலையில வேலை. ராத்திரி பிள்ளைங்களைப் பூட்டிட்டுத்தான் போறேன். மூணு பேரு. டரியா பெரியவ, ஒன்பது வயசு. அப்புறம் லெஸ்யா. கடைசி ஓரி, ஆறு வயசு. டரியாதான் டப்பா மக்ரோனியைச் சூடு பண்ணிக் குடுப்பா. ஒரு நாள் ஹீட்டர் நின்னுபோச்சு. அவ சின்னவனுக்குப் பனி உடுப்பு, பூட்ஸ் எல்லாம் மாட்டிப் படுக்க வெச்சிருக்கா. காலைல வந்து பார்த்தா, அவன் பூட்ஸோட தூங்குறான்."

இதைச் சொல்லும்போது அவன் அழுதுவிட்டான். அவனுக்கே அது வியப்பாக இருந்தது. மதிப்பெண்ணுக்காக அழலாமென்று எண்ணித்தான் வந்தான். ஆனால் இவ்வளவு சளி வருமென்று எதிர்பார்க்கவில்லை.

கார்லீன் டிஷ்யூப் பெட்டியை நகர்த்தினாள். எடுத்துக் கொடுக்கக்கூடாது, நகர்த்தத்தான் வேண்டும் என்பது பாடம். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஓரெஸ்ட், இது நிஜமா?"

இன்னும் மணி அடிக்கவில்லை. வேஷத்தை விட்டு வெளியே வரக்கூடாது.

"நிஜமில்லாம யாராவது இப்படிச் சொல்லுவாங்களா?" என்றான்.

மணி அடித்தது. அவன் மூக்கைச் சிந்திவிட்டுக் காப்பி வாங்கப் போனான்.

*

சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால், ரோமத் தொப்பி வைத்த கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வெல்மா ஸ்டாங் நின்றாள். பிள்ளைகள் நல அலுவலகத்தில் பயிற்சி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறவள்; வியாழக்கிழமை அவனை நேர்காணல் செய்யப்போகிறவளும் அவள்தான். ஐம்பத்தைந்து வயது. சிரிப்பதற்கென்று முகத்தில் இடம் ஒதுக்காதவள்.

ஓரெஸ்டுக்குத் தலைகால் புரியவில்லை. நேர்காணலுக்கு முன்பே வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள்! அவ்வளவு அக்கறை!

"உள்ள வாங்க, உள்ள வாங்க. பூட்ஸைக் கழட்ட வேண்டாம். நீங்க வருவீங்கன்னு எதிர்பார்க்கல."

"எதிர்பார்த்திருக்க மாட்டீங்க" என்றாள் வெல்மா. "வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

அது ஒரு நிலவறைக் குடியிருப்பு. மேலே இருக்கிற வீட்டுக்காரர் தன் மகன்கள் பெரியவர்களாகிப் போன பிறகு அப்படியே வாடகைக்கு விட்டது. படுக்கையறையில் மேலும் கீழுமாக அடுக்குக் கட்டில். வெல்மா அதை நின்று பார்த்தாள். மூலையில் ஒரு பெட்டி நிறையப் பொம்மைகள். கையுறைப் பொம்மை, மரக்கட்டை, ஒரு கண் போன கரடி. பயிற்சிக்குப் போகும்போது பயன்படுமென்று அவன் பழைய பொருள் கடையில் அள்ளி வந்தது.

"இதெல்லாம்?"

"பிள்ளைங்களுக்காகத்தான் வாங்கி வெச்சிருக்கேன்" என்றான் ஓரெஸ்ட் பெருமையாக.

"எந்தப் பிள்ளைங்க?"

இது தேர்வுக் கேள்வி என்று அவனுக்குப் பட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "என்னைப் பொறுத்தவரைக்கும் எல்லாருமே என் பிள்ளைங்கதான்."

வெல்மா எதையோ எழுதிக்கொண்டாள். பிறகு குளிர்பெட்டியைத் திறந்தாள். பீர், கடுகு பாட்டில், ஒரு பை உறைந்த பெரோகிக் கொழுக்கட்டை, பாதி வெங்காயம்.

"அவங்க என்ன சாப்பிடுறாங்க?"

"யாரு?"

"உங்க மூணு பிள்ளைங்க. ராத்திரி பூட்டிட்டுப் போற மூணு பிள்ளைங்க. இப்ப அவங்க எங்க, மிஸ்டர் போய்ச்சுக்?"

வீட்டைச் சூடாக்கும் எந்திரம் உறுமி நின்றது. ஓரெஸ்டுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. விளங்கியது முகத்தில் தெரிந்தது. முகத்தில் தெரிந்ததை வெல்மா குற்றம் பிடிபட்ட முகம் என்று வாசித்தாள். முப்பது வருஷமாக அவள் வாசித்துப் பழகிய முகம் அது.

"கார்லீன்!" என்றான்.

"புகார் யார் குடுத்தாங்கன்னு நான் சொல்ல முடியாது."

"அது வகுப்புப் பயிற்சிங்க! நடிப்பு! எனக்குப் பிள்ளைங்களே கிடையாது!"

"போன மாசம் ஒருத்தர் கட்டிலுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்த பிள்ளையை நாயின்னு சொன்னாரு" என்றாள் வெல்மா. "உங்களுக்குக் கோபம் வருதுன்னு எனக்குப் புரியுது."

"கோபம் வரல!" என்று கத்தினான். கத்திய பிறகுதான் அது எடுபடாது என்று தெரிந்தது. இப்படிக் கத்துகிறவர்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. அதில் கார்லீன் மஞ்சள் கோடு போட்டிருந்தாள். அவன் அத்தியாயத்தையே தாண்டிப் போயிருந்தான்.

"சரி. டரியா, லெஸ்யா, ஓரி. இந்தப் பேர்ல யாரும் இல்லைங்கிறீங்களா?"

அவன் இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"இருக்காங்க."

வெல்மா பேனாவை எடுத்தாள்.

"ஆனா பெரியவங்க ஆயிட்டாங்க. டரியாவும் லெஸ்யாவும் என் அக்காங்க. ஓரி நான்தான். நைட் ஷிஃப்ட் போனது எங்கம்மா. கதைக்காக என்னை அப்பன் ஆக்கிட்டேன்."

வெல்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஆறு வயசுன்னு எழுதியிருக்கு."

"அப்ப ஆறு."

"இப்ப?"

"முப்பத்தொண்ணு."

"ம்" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. "பேர் சொன்ன பிள்ளைங்களைக் கண்ணால பார்க்காம கோப்பை மூட முடியாது. எத்தனை வயசுப் பிள்ளைங்கன்னு விதியில போடல. மத்த ரெண்டு பேரையும் பார்க்கணும். புதன்கிழமை வர்றேன்." கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சேர்த்தாள். "கோப்பு திறந்திருக்கிற ஆளை நான் வியாழக்கிழமை நேர்காணல் பண்ண முடியாது. அதையும் சொல்லிடுறேன்."

*

திங்கட்கிழமை பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் கார்லீனைப் பிடித்தான். அவள் சூப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"நீ செஞ்ச வேலையால என் வாழ்க்கையே போச்சு, தெரியுமா?"

"உனக்கு என்மேல வருத்தம்னு கேக்குது" என்று அதையும் பாடத்தில் உள்ளபடி சொன்னாள்.

"கேக்குதா? அடுத்த மேசைக்கும் கேக்குது. நான் நடிச்சேன், கார்லீன்!"

"நான் கேட்டேனே? நிஜமான்னு கேட்டேன்."

"மணி அடிக்கல!"

"அடிச்ச பிறகு?" கார்லீன் கரண்டியை வைத்தாள். "எல்லாரும் எழுந்து நின்னு பேரைச் சொன்னாங்க. நான் உனக்காக நின்னுட்டே இருந்தேன். முட்டை சாப்பிட்டேன்னு காலி நாற்காலிகிட்டச் சொன்னேன். நீ அழுதுட்டு வெளிய போயிட்ட. வேற எப்படி நான் நினைக்கிறது? அன்னிக்கு எனக்குச் சோறு தண்ணி இறங்கல. பூட்ஸ் போட்டுட்டுத் தூங்குற பையனை விட்டுட்டு நான் எப்படித் தூங்குறது?"

"இப்ப நடிப்புன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. போன் பண்ணிச் சொல்லு."

"சொல்லிட்டேன். ஒரு தடவை குடுத்த புகாரைத் திரும்ப வாங்க முடியாதாம்." அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "ஓரெஸ்ட், பூட்ஸ் வரைக்கும் நடிப்பா?"

அவன் அவளுடைய பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு எழுந்து போனான்.

*

டரியாவிடம் சொல்வதைத்தான் அவன் கடைசிவரை தள்ளிப்போட்டான். அவள் நகராட்சியில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறாள். வழியில் நிற்கிற கார்களைப் பார்ப்பதுபோலத்தான் மனிதர்களையும் பார்ப்பாள். வண்டிக் கொட்டகையில், கையில் கிரீஸோடு முழுக் கதையையும் கேட்டாள்.

"இரு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நம்ம வீட்டுக் கதையை வகுப்புல மார்க்குக்கு வித்த. என்னை ஒன்பது வயசு ஆக்கின. உன்னை அப்பனாக்கிக்கிட்ட. நம்மள விட்டுட்டு ஓடின அந்த ஆள் வேலையை நீ பார்த்துட்டிருக்க."

"டரியா, ஒரு மணி நேரம் வந்து உட்காரு. அவ உன்னைப் பார்க்கணும், அவ்வளவுதான்."

"பார்க்கணுமா? அப்ப பார்த்திருக்கணும். அப்ப ஒரு நாய் எட்டிப் பார்த்துச்சா? நான் ஸ்டூல் போட்டு ஏறி மக்ரோனி கிண்டினப்ப எங்க போச்சு உங்க அலுவலகம்?"

"வந்திருந்தா நம்மளைப் பிரிச்சுக் கொண்டுபோயிருப்பாங்கன்னு நீதான் சொல்லுவ."

"ஆமா, சொல்லுவேன். வந்திருந்தா வெரட்டியிருப்பேன். ஆனா வரணும்ல? வெரட்டுறதுக்காவது வரணும்ல?" கிரீஸ் துணியை அவன்மேல் வீசினாள். "அந்த வேலைதான் வேணுமா உனக்கு? எல்லாரும் திட்டுற வேலை. அதுக்குப் பனி வாரலாம், அதுலயும் திட்டுவாங்க, ஆனா வண்டி பெருசு."

"அதுதான் வேணும்."

"ஏன்?"

நேர்காணலுக்காக இதற்குப் பதில் தயார் செய்திருந்தான். சமூக நீதி, மனித மாண்பு என்று ஒரு பக்கம். அதில் ஒரு வார்த்தையும் அக்காவிடம் சொல்லக்கூடியதாக இல்லை.

"தூசு இல்லாத வேலை" என்றான்.

"அதைச் சொல்லு முதல்ல" என்றாள் டரியா. "வர்றேன். ஆனா வாயை மூடிட்டு இருக்கமாட்டேன்."

*

புதன்கிழமை டரியா ஆரஞ்சு மேல்சட்டையோடு வந்து அடுப்பங்கரை மேசையில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டாள். லாரி ஓட்டுகிற லெஸ்யா மொன்டானாவில் எங்கோ ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்திப் போனில் முகத்தைக் காட்டினாள். ஓரெஸ்ட் போனைக் கடுகு பாட்டில்மேல் சாய்த்து வைத்து, பெரோகியை வெங்காயத்தோடு வதக்கி மேசையில் வைத்தான். வெல்மா பெரோகியைத் தொடவில்லை. வீடு பார்க்கப் போகிற இடத்தில் கை நனைக்கக்கூடாது என்பது விதி. ஆனால் அவள் கண் இரண்டு முறை அந்தத் தட்டுக்குப் போய் வந்தது.

"நீங்கதான் டரியா."

"ஆமா. ஒன்பது வயசு."

"வீட்ல பாதுகாப்பா இருக்கீங்களா?"

"இவன் சமைக்காத வரைக்கும்."

"லெஸ்யா, வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்குதா?"

"பெட்ரோல் பங்குல பொரிச்ச கோழி" என்றது போன். "ஓரி, இவங்கதான் அவங்களா? என்னடா இவ்ளோ சாதாரணமா இருக்காங்க? அம்மா சொன்னதைக் கேட்டு நான் கொம்பு இருக்கும்னு நெனச்சேன்." அதோடு இணைப்பு அறுந்தது.

டரியா முன்னால் சாய்ந்தாள். "ஒண்ணு கேக்கணும். இருபத்தஞ்சு வருஷம் லேட்டா வந்திருக்கீங்களே, ஏன்?"

ஓரெஸ்ட் கண்ணை மூடிக்கொண்டான். நேர்காணல் அவன் கண்முன்னால் பிங்கோ எண்ணாக மாறிக்கொண்டிருந்தது.

வெல்மா அவசரப்படவில்லை. "ரோடெல்லாம் பனி" என்றாள்.

டரியா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு தட்டே அதிர்கிற மாதிரி சிரித்தாள். "பழியை என் டிபார்ட்மென்ட் மேல போடுறா பாரு!"

"யாரும் சொல்லல. அதனால யாரும் வரல" என்றாள் வெல்மா, அதே குரலில். "இப்ப ஒருத்தர் சொன்னாங்க. வந்துட்டேன். அதுக்கு மேல எங்கிட்ட பதில் இல்ல."

டரியாவின் சிரிப்பு நின்றது. அவள் ஒரு பெரோகியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் அது ஒத்துக்கொண்டதற்கு அடையாளம்.

வெல்மா பேனாவைத் திறந்தாள். "மூணு பிள்ளைங்களையும் பார்த்தாச்சு. நல்லா இருக்காங்க. கோப்பை மூடிடலாம்." எழுதப் போனவள் நிறுத்தினாள். "ஒரு சிக்கல் இருக்கு. எங்ககிட்ட கோப்பு இருந்த பெற்றோர், மூடி ரெண்டு வருஷம் ஆகாம எங்க அலுவலகத்துல பயிற்சிக்கு வரக்கூடாது."

ஓரெஸ்ட் நாற்காலியில் சரிந்தான். கோப்பு திறந்திருந்தால் நேர்காணல் கிடையாது. மூடினால் பயிற்சி கிடையாது. பிறக்காத பிள்ளைகளுக்கு இவ்வளவு பொறுப்பான அப்பன் அந்த மாகாணத்திலேயே இருந்திருக்கமாட்டான்.

"அப்ப என்னை எதுக்கு வரச்சொன்னீங்க?" என்று டரியா எழுந்தாள்.

"உட்காருங்க." வெல்மா தாளைப் புரட்டினாள். "இதுல அப்பான்னு போட்டிருக்கிறதும் ஓரெஸ்ட். ஆறு வயசுப் பையன்னு போட்டிருக்கிறதும் ஓரெஸ்ட். ஒரே ஆள் தனக்குத்தானே அப்பனா இருக்க முடியாது. அது பதிவுல தப்பு. தப்பைத் திருத்தணும்." அப்பா என்ற இடத்திலிருந்த பெயரை ஒரே கோடாக அடித்தாள். "கோப்புல பிள்ளையா இருந்தவங்களுக்கு அந்த விதி இல்ல. சொல்லப்போனா, அவங்களுக்கு முன்னுரிமை."

"முன்னுரிமையா?"

"போன வருஷத்திலேருந்து. பட்டு அறிஞ்சவங்க வேணும்னு மேலிடத்து உத்தரவு." பேனா அடித்த பெயருக்குப் பக்கத்தில் நின்றது. "ஆனா பிள்ளைங்களைத் தனியா விட்டுட்டுப் போன ஆள்னு இந்த இடத்துல ஒரு பேர் வேணும். யார் பேர் எழுத?"

அம்மா உயிரோடுதான் இருந்தாள். கெலோனாவில் ஒரு பல் டாக்டரின் மாமாவோடு குடித்தனம். வாரம் ஒருமுறை போன் செய்து முட்டிவலி பற்றிச் சொல்லுவாள். டரியா அவளிடம் பேசி நாளாயிற்று. போன ஈஸ்டருக்கு அவளைத் திட்டித் திட்டியே ஆட்டிறைச்சியை ஆறவிட்டவள். ஓரெஸ்ட் அக்காவைப் பார்த்தான். அக்கா ஓரெஸ்டைப் பார்த்தாள்.

"யாரும் இல்ல" என்றார்கள் இருவரும் ஒரே சமயத்தில்.

"காலியா விட்டா மேல கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்றாள் டரியா. "ஒன்பது வயசுப் புள்ளைக்கு ஞாபகம் இல்லேன்னு எழுதுங்க."

வெல்மா அப்படியேதான் எழுதினாள். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, "நாளைக்கு ரெண்டு மணிக்கு, ஓரெஸ்ட். ஒண்ணு சொல்லிடுறேன். நீ படிச்சுத் தயார் பண்ணின பதிலையெல்லாம் வீட்லயே வெச்சிட்டு வா. நான் எல்லாத்தையும் கேட்டாச்சு" என்றாள். 'மிஸ்டர் போய்ச்சுக்' போய் 'நீ' வந்திருந்ததை அவன் கவனித்தான்.

"கிடைச்சிடுமா?" என்றான்.

"கார்லீன் ஃப்ரீசனுக்குக் கிடைச்சாச்சு. இன்னும் ஒரு இடம் இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. டரியா வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுக் கடைசிப் பெரோகிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ போய் அப்படிக் கதவு கதவாத் தட்டுவியா?" என்றாள்.

"தட்டுவேன்."

"நம்மள மாதிரிப் பிள்ளைங்க திறக்கமாட்டாங்கடா. மூச்சு விடாம கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவாங்க."

"தெரியும்" என்றான் ஓரெஸ்ட். "அப்பல்லாம் யார் தட்டினாலும் உன் முழங்கை என் மூக்குலதான இருக்கும்."